புதுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: உதிரி பாகங்கள் வாங்கி, நானே கணினி அசெம்பிள் செய்திருக்கிறேன். முதல் லினக்ஸாக எதைப் போடலாம்?

பதில்: பாகங்கள் எவ்வளவு புதியவை என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் பழசென்றால், அண்மையில் வந்த வைஃபை சிப் அதன் கண்ணில் படாது.

ஓராண்டு தாண்டிய பாகங்களுக்கு லினக்ஸ் மின்ட் போதும். விண்டோஸ் பழகியவருக்கு அதன் சின்னமன் திரை அந்நியமாகத் தெரியாது; என்விடியா கார்டுக்கான டிரைவரை 'டிரைவர் மேனேஜர்' காட்டிவிடும். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

புத்தம்புது ரேடியான் கார்டா? ஃபெடோரா பொருந்தும். சுமார் ஆறு மாதத்துக்கொரு பதிப்பு; இடையிலும் புதுக் கெர்னல் வரும். ஆனால் ஒரு பதிப்புக்கு ஆதரவு ஏறத்தாழ 13 மாதம்தான்.

எதுவானாலும் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, வைஃபை, ஒலி, ஸ்லீப் மூன்றையும் சோதித்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள்.