கல்லீரலுக்கு ஒரு சாவி

வீட்டு மீன்தொட்டிகளில் நீந்தும் வரிக்குதிரை மீனின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆயினும், ஆய்வுக்கூடங்களில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கிறது. எனவே, உறுப்புகள் உருவாவதை ஆய்வாளர்கள் நுண்ணோக்கி வழியே நேரடியாகக் காண்கின்றனர்.

முட்டை கருவுற்ற 2 நாள்களுக்குள் கல்லீரலின் மொட்டு தோன்றிவிடுகிறது. எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள்தாம் உள்ளன. அவற்றுள் சில மட்டும் கல்லீரலாக மாறுவது எப்படி? இதற்கு ‘உட்கரு ஏற்பிகள்’ எனப்படும் புரதங்களும் துணைபுரிகின்றன. அவை பூட்டைப் போன்றவை. ஹார்மோன் முதலிய சிறு மூலக்கூறுகள் சாவியைப் போன்றவை. சாவி பொருந்தியதும், ஏற்பி உரிய மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும்.

வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினோயிக் அமிலம் அத்தகைய சாவிகளுள் ஒன்று. உரிய நேரத்தில் அது கிடைக்காவிட்டால், கல்லீரல் முறையாக உருவாவதில்லை. அளவுக்கு மிஞ்சினாலும் கருவின் வளர்ச்சி குலைகிறது.

நீர்நிலைகளில் கலக்கும் சில வேதிப்பொருள்கள் இத்தகைய ஏற்பிகளில் கள்ளச்சாவிபோல் பொருந்திவிடுகின்றன. மனித உடலிலும் உட்கரு ஏற்பிகள் உள்ளன. ஆகவே, மீனின் கருவில் தோன்றும் குறை மீனுக்கு மட்டுமன்று, நமக்கும் ஓர் எச்சரிக்கையாகும்.