பதிவேட்டில் நிற்காத புத்தகம்



நம் பள்ளி நூலகப் புத்தகங்களைக் கணிப்பொறியில் பதியும் பணி இவ்வாண்டு எங்கள் வகுப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. பைத்தான் மொழியில் சிறு நிரல் எழுதினோம். தரவுத்தளத்துடன் பேசுவதற்கு எஸ்.கியூ.எல். ஆல்கெமி என்னும் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தினோம். ஒரு சோதனையும் எழுதி வைத்தோம். ஒரு புத்தகத்தைப் பதிந்து, இணைப்பை மூடி, மீண்டும் திறந்து எண்ண வேண்டும். விடை ஒன்று என வர வேண்டும்.

தொகுப்பை 1.4 பதிப்பிலிருந்து 2.0 பதிப்புக்கு மாற்றிய அன்று விடை பூஜ்யம் என வந்தது. பிழைச் செய்தி ஏதுமில்லை. "சோதனையில் ஒன்றை அழித்துப் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் தேறிவிடுமே!" என்றாள் எங்களுள் ஒருத்தி. சிரித்தோம். பிறகு யோசித்தபோது அச்சமே உண்டாயிற்று. அச்சோதனை இல்லாவிட்டால், நாள் முழுதும் நாங்கள் பதிந்தவை அனைத்தும் சொல்லாமல் மறைந்திருக்கும்.

ஆகவே படிப்படியாக ஆராய்ந்தோம்.

முதலாவதாக, வேறு எதையும் தொடாமல் பழைய பதிப்பைத் திரும்ப நிறுவினோம். சோதனை தேறியது. எனவே பதிப்பு மாற்றமே காரணம் எனத் தெளிந்தோம்.

இரண்டாவதாக, தரவுத்தளத்துக்குச் செல்லும் கட்டளைகளைத் திரையில் காட்டச் செய்தோம். பழைய பதிப்பில், சேர்க்கும் கட்டளையை அடுத்து 'கமிட்', அதாவது 'உறுதி செய்' என்று வந்தது. புதியதில் 'ரோல்பேக்', அதாவது 'ரத்து செய்' என்று வந்தது!

மூன்றாவதாக, விதிமுறை விளக்கத்தைப் படித்தோம். முன்பு தொகுப்பு தானாகவே உறுதி செய்து வந்தது. 2023 ஜனவரியில் வெளியான 2.0 பதிப்பில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. இதற்குத் தக்க காரணம் உண்டு. புத்தகம் இரவல் கொடுக்கும்போது மாணவியின் கணக்கில் ஏற வேண்டும். இருப்பில் குறைய வேண்டும். ஒன்று மட்டும் நடந்தால் கணக்குப் பொய்யாகும். இரண்டும் முடிந்தன என்பதை நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டும்.

'பிகின்' என்னும் முறையால் இணைப்பைத் திறந்தோம். அது வேலை முடிந்தால் உறுதி செய்யும்; இடையில் பிழை நேர்ந்தால் ரத்து செய்யும். ஒரே வரிதான் மாறியது. சோதனை தேறியது.

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919ஆம் ஆண்டின் விதிப்படி வேட்பாளர் வயது 30க்கு மேல் 60க்குள். 921இல் அது 35க்கு மேல் 70க்குள் என மாறியது. 32 வயதினர் முந்தைய விதியில் தேறுவார், பிந்தையதில் தேறார். அவரிடம் குற்றமில்லை; விதிதான் மாறியது. நம் முன்னோர் புதிய விதியை யாவரும் காணக் கல்லில் பொறித்தனர். புதிய பதிப்பின் விதிகளும் எழுதப்பட்டே இருந்தன. வரவிருந்த மாற்றங்களை 1.4 பதிப்பிலேயே எச்சரிக்கையாகக் காட்டச் செய்யும் வசதியும் இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

தோழியரே, சோதனை தவறினால் அதைத் திருத்தாதீர்கள். முதலில் காரணத்தைத் தேடுங்கள்.