மீக்கணிப்பொறியும் ஆய்வாளரின் பொருளும்

திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மீக்கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டது. சூப்பர் கம்ப்யூட்டர் எனப் பலரும் வழங்கும் இப்பொறிக்குப் 'பரம் பொருள்' என்று பெயர் சூட்டினர். 'பரம்' என்பது, புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் 1991இல் 'பரம் 8000' என்னும் பொறியை உருவாக்கிய காலந்தொட்டு வழங்கிவரும் குடும்பப் பெயர். 'பொருள்' திருக்குறளிலிருந்து எடுக்கப்பட்டது. செல்வம் என்றும் கருத்து என்றும் உண்மை என்றும் விரியும் இச்சொல் ஆய்வுக்கருவிக்கு நன்கு பொருந்துகிறது என்பதே நம் கருத்து. ஆயினும் ஆய்வாளரின் பொருள் பொறியில் உள்ளதா, அப்பொறியில் அவர் சேர்த்துவைக்கும் தரவில் உள்ளதா என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

பரம் பொருளின் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள். இவ்வேகம் ஒற்றைப் பொறியின் வேகம் அன்று. தனித்தனிக் கணிப்பொறிகள் பல, விரைவான இணைப்புகளால் பிணைக்கப்பெற்று ஒன்றாக உழைப்பதே மீக்கணிப்பொறி. ஆய்வாளர் தம் வேலையை எழுதி ஒப்படைக்க வேண்டும். அது வரிசையில் நின்று தன் முறை வந்ததும் நடைபெறும். புகைவண்டி முன்பதிவை ஒத்தது எனலாம்.

ஆயிரம் பொறிகளைக் கொடுத்தால் வேலை ஆயிரம் மடங்கு விரைவாக முடியும் என்று எண்ணுவோர் உளர். ஜீன் ஆம்டால் என்பார் 1967இலேயே இதற்கு விடை கூறிவிட்டார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பகுத்துச் செய்ய இயலாததாயின், எத்தனை பொறிகளைச் சேர்ப்பினும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஆகவே ஆய்வாளரின் நிரலைப் படித்து, எங்கே பகுக்கலாம் என்று சொல்லித்தரும் உதவியாளர் பொறியைப் போலவே இன்றியமையாதவர் ஆகிறார். நம் நாட்டில் பொறி வாங்கப் பணம் ஒதுக்குவோர் இவரை இறுதியிலேயே நினைக்கின்றனர் என்பது நம் எண்ணம்.

தரவைக் காப்போரின் பணி இதனினும் அருமையானது. ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததை அறிந்தால் இது விளங்கும்.

அப்பல்கலைக்கழக மீக்கணிப்பொறியின் பெருஞ் சேமிப்பகத்தில், 2021 டிசம்பர் 14 முதல் 16 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 77 டெராபைட் தரவு அழிந்தது. கோப்புகளின் எண்ணிக்கை சுமார் 3 கோடியே 40 இலட்சம். பாதிக்கப்பட்ட ஆய்வுக்குழுக்கள் 14. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப்படியிலிருந்தும் மீட்க இயலவில்லை.

இஃது எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. தரவுக்குப் படியெடுத்துக் காக்கும் நிரலே தரவை அழித்தது என்பதுதான் கொடுமை. பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவுக்குறிப்புகளை நீக்குவது அந்நிரலின் ஒரு சிறு கடமை. பொறியை வழங்கிய நிறுவனத்தார் அந்நிரலைத் திருத்தினர். படிப்போர்க்கு எளிதாக விளங்கும்பொருட்டு உள்ளிருந்த பெயர்களையும் மாற்றினர். நல்ல நோக்கமே. ஆனால் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை எழுதிவிட்டனர். இவ்வகை நிரலைக் கணிப்பொறி முழுதும் படித்து முடித்துச் செயல்படுவதில்லை. சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டே செயல்படும். எனவே பாதி வழியில் புதிய நிரலின் நடுப்பகுதிக்குள் நுழைந்தது. எந்த இடத்தில் நீக்க வேண்டும் என்று சொல்லும் பெயருக்கு அங்கே மதிப்பு வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. விளைவாக, நீக்கும் கட்டளை குறிப்புகள் இருந்த இடத்தை விட்டு ஆய்வாளர்தம் கோப்புகளின்மேல் பாய்ந்தது. நிறுவனத்தார் முழுப் பொறுப்பையும் ஏற்றனர்.

பல்கலைக்கழகம் இந்நிகழ்ச்சியை மறைக்கவில்லை. காரணத்தை விளக்கி அறிக்கை வெளியிட்டது. முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைக்குமாறு பயனாளரைக் கேட்டுக்கொண்டது. இவ்வேண்டுகோளில் ஒரு நுட்பம் உண்டு. மூலத்தை அப்படியே பின்பற்றும் நிழற்படி, மூலத்தில் ஒன்று அழிந்தால் அடுத்த முறை தானும் அதை அழித்துவிடும். நேற்றைய நிலையையும் சென்ற வாரத்தின் நிலையையும் தனித்தனியே வைத்திருப்பதே உண்மையான காப்பு. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் வழக்கம்.

இவையெல்லாம் இயற்பியலார்க்கும் வானிலை ஆய்வாளர்க்கும் உரியவை, தமிழ்த்துறைக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் கல்லூரி நூலகத்துப் பழம்பதிப்புகளை வண்ணப் படமாக்குவதாகக் கொள்வோம். ஏ4 அளவுள்ள பக்கத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் சுருக்காமல் பதிந்தால் ஏறத்தாழ 100 மெகாபைட் ஆகும். முந்நூறு பக்க நூலுக்கு 30 கிகாபைட். ஆயிரம் நூல்களுக்கு 30 டெராபைட். கியோட்டோவில் அழிந்ததில் ஐந்தில் இரண்டு பங்கை, எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத ஒரு தமிழ்த்துறையே எட்டிவிடும். அப்படங்களிலுள்ள எழுத்துகளைப் பொறியே படித்தறியப் பழக்க விரும்பின், பரம் பொருள் போன்ற பொறிகளையும் நாட வேண்டிவரும்.

அன்று தமிழ்த்துறை மாணவர் அம்மையத்தாரிடம் முதலிற் கேட்க வேண்டியது வேகத்தை அன்று. காப்புப்படி எங்கே உள்ளது? பழைய நிலைகள் எத்தனை நாள் வைக்கப்படும்? தற்காலிகச் சேமிப்பகத்திலுள்ள கோப்புகள் எப்போது நீக்கப்படும்? பல மையங்களில் அவை குறித்த காலத்திற்குப்பின் தாமே நீக்கப்படுகின்றன. விதியைப் படியாதவர் படிப்பு முடியும் தறுவாயில் திகைக்க நேரும். மையத்தாரும் நம்மிடம் ஒன்று கேட்பர்: இன்ன கோப்பு இன்ன நூலின் இன்ன பதிப்பில் இன்ன பக்கம் என்ற விவரப்பட்டியல். அதனை அமைத்தல் நூலகத்தார்க்கும் பதிப்பாசிரியர்க்கும் பழகிய தொழில். எனவே படமெடுக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே அப்பட்டியலையும் தொடங்கிவிடலாம்.