ஆண்களுக்கு 1954, பெண்களுக்கு 1978
(ஒரு கூடைப்பந்துப் போட்டியின் கதை)



கூடைப்பந்து எல்லாருக்கும் தெரியும். ஆனா பொம்பளைப் பிள்ளைங்க இந்த விளையாட்டை முழு மைதானத்திலும் ஓடி ஆடுறதுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு தெரியுமா? அமெரிக்காவில் பெண்கள் கல்லூரி அணிகளுக்காக நடக்கும் ஒரு போட்டியின் வரலாற்றை வைத்து அதைப் பார்ப்போம்.

விளையாட்டு பிறந்த கதை

1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடையை உயரத்தில் மாட்டி அதில் பந்தைப் போட வைத்தார். அடுத்த வருஷமே பக்கத்தில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தன் மாணவிகளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். ஆனால் விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார். ஒரு கட்டத்தில் நிற்பவர் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. அடுத்தவர் கையில் இருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. பெண்கள் அதிகமா ஓடினா உடம்புக்கு ஆகாதுன்னு அந்தக் காலத்தில் நம்பினாங்க. அந்த நம்பிக்கைக்கு நடுவில் விளையாட்டை நுழைக்க அவருக்கு இது ஒரு வழி.

1896 ஏப்ரல் 4-ல் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி என்ற இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதினார்கள். பக்கத்துக்கு 9 பேர். ஆண்கள் யாரையும் உள்ளே விடவில்லை. ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று ஜெயித்தது. ரெண்டு காலேஜ் பெண்கள் அணிகள் மோதின முதல் ஆட்டம் இதுதான்.

பிறகு பல காலம் ஆறு பேர் ஆட்டம் இருந்தது. மூன்று பேர் கூடையில் போட மட்டும், மூன்று பேர் தடுக்க மட்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தடுக்கிற பிள்ளை எவ்வளவு நல்லா ஆடினாலும் ஒரு பாயிண்ட் கூட எடுக்க முடியாது! ஐந்து பேர், முழு மைதானம் என்ற விதி கல்லூரிப் பெண்களுக்கு 1971-ல்தான் வந்தது.

ஒரு சட்டம்

1972 ஜூன் 23-ல் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் கையெழுத்தானது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தச் சட்ட வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் விளையாட்டும் படிப்பின் பகுதி என்பதால், கல்லூரிகள் பெண்களுக்கும் அணி, கோச், பயண வசதி என்று கொடுக்க வேண்டி வந்தது.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்ளும். அதுக்குப் பேர் கான்ஃபரன்ஸ். சீசன் முழுக்க தங்களுக்குள் ஆடிவிட்டு, கடைசியில் நாக்-அவுட் போட்டி வைப்பார்கள். தோற்றால் வெளியே. ஜெயித்த அணிக்கு என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் நேரடி இடம். அதனால சீசன்ல சுமாரா ஆடின அணிக்கும் கடைசி வாசல் ஒண்ணு திறந்திருக்கும்.

1953-ல் தொடங்கிய அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (ஏ.சி.சி.) அப்படி ஒரு கூட்டமைப்பு. ஆண்களுக்கான முதல் போட்டி 1954-ல் நடந்தது. பெண்களுக்கான முதல் போட்டி 1978-ல்! இடையில் 24 வருஷம். இந்தக் கட்டுரைக்கு அந்தத் தலைப்பு வைத்தது அதனால்தான்.

போட்டி வளர்ந்த விதம்

முதல் கோப்பையை மேரிலாண்ட் வென்றது. இறுதியில் தோற்றது நார்த் கரோலினா ஸ்டேட். கிறிஸ் வெல்லர் என்ற பெண் கோச்சின் கீழ் மேரிலாண்ட் முதல் 12 போட்டிகளில் 8 முறை ஜெயித்தது. டியூக் 2000 முதல் 2004 வரை தொடர்ந்து 5 முறையும், நார்த் கரோலினா 2005 முதல் 2008 வரை 4 முறையும் வென்றன. பல ஊர் மாறிய போட்டி, 2000-க்குப் பிறகு பெரும்பாலும் கிரீன்ஸ்போரோ நகரின் பெரிய அரங்கில் நடந்திருக்கிறது.

2025 வரை கோப்பைகள்:
மேரிலாண்ட் – 10 (2014-ல் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது)
நார்த் கரோலினா – 9
டியூக் – 9
நார்த் கரோலினா ஸ்டேட் – 7
நாட்டர் டேம் – 6
வர்ஜீனியா – 3
கிளெம்சன் – 2
லூயிவில் – 1
வர்ஜீனியா டெக் – 1

மறக்க முடியாத 2007

நார்த் கரோலினா ஸ்டேட் அணிக்கு 1975 முதல் கோச்சாக இருந்தவர் கே யாவ். 1987-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த வருஷமே, 1988 சியோல் ஒலிம்பிக்கில், அமெரிக்கப் பெண்கள் அணிக்கு கோச்சாக இருந்து தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

நோய் திரும்ப வந்தது. 2006-07 சீசனில் சிகிச்சைக்காகக் கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்து, மறுபடி கோர்ட்டுக்கு வந்தார். பிள்ளைங்க ஷூவில் இளஞ்சிவப்பு கயிறு கட்டி ஆடினாங்க. மார்ச் மாதம் ஏ.சி.சி. அரையிறுதி. எதிரே டியூக். அந்த சீசனில் ஒரு ஆட்டம் கூட தோற்காத அணி! அந்த டியூக்கைத் தோற்கடிச்சாங்க. மறுநாள் இறுதியில் நார்த் கரோலினாவிடம் தோற்றார்கள். கோப்பை கிடைக்கவில்லை. ஆனா அந்த வருஷம் பத்திப் பேசுறவங்க ஜெயிச்ச அணியை விட இந்த அணியைத்தான் அதிகம் பேசுறாங்க.

கே யாவ் 2009 ஜனவரி 24-ல் காலமானார். அவர் பெயரில் 2007-ல் தொடங்கிய நிதி, பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களின் ஆராய்ச்சிக்கு உதவி வருகிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 2021 தேசியப் போட்டியின்போது ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம். பெண்களுக்கு ஒரு சின்ன ஸ்டாண்டில் சில டம்பெல், கொஞ்சம் யோகா பாய். செடோனா பிரின்ஸ் என்ற வீராங்கனை அதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். சில நாளில் பெண்களுக்கும் நல்ல கூடம் வந்தது. ஆண்கள் போட்டிக்கு இருந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைப் பெண்கள் போட்டிக்கும் 2022-ல்தான் கொடுத்தார்கள்.

"பொண்ணுங்க ஆடுறதை யாரு பாக்குறா?" என்று சிலர் கேட்பதுண்டு. 2024 தேசிய இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் டிவியில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே வருஷம் ஆண்கள் இறுதிக்கு 1 கோடியே 48 லட்சம் பேர்.

முடிவுரை

1896-ல் ஆடின பிள்ளைங்களுக்கும் திறமை இருந்தது. இல்லாதது முழு மைதானம், கோச், தேதி குறித்த ஒரு போட்டி. இவை கிடைத்தபின் ஐம்பது வருஷத்துக்குள் ஆட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆகவே, ஒரு பெண்ணால் முடியுமா என்று கேட்பதற்கு முன், அவளுக்கு இடம் கொடுத்தோமா என்று கேட்போம்.

யோசித்துப் பாருங்கள் (விடை மேலேயே இருக்கிறது)
1. ஆறு பேர் ஆட்டத்தில் தடுப்பவர் ஏன் பாயிண்ட் எடுக்க முடியாது?
2. கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்றால் என்ன கிடைக்கும்?
3. 2007-ல் டியூக்கின் தொடர் வெற்றியை நிறுத்திய அணி எது?

– 9-ஆம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி