ஊர்க்கூடம்: வெயிலும் புயலும் தாங்க எப்படிக் கட்டலாம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னை சாய்ந்ததை நிறையப் பேசிவிட்டோம். கூரை பறந்ததை அவ்வளவாகப் பேசல. தகரமும் பறந்தது, ஓடும் பறந்தது. ஆகவே உழவர் கூட்டத்துக்கும் விதைத் திருவிழாவுக்கும் கூடம் கட்ட நினைக்கும் கடலோர ஊர், 'நம்ம பழைய முறை' என்று சொன்னால் மட்டும் போதாது. எதைக் காப்பது, எதைத் திருத்துவது என்று பார்க்கணும்.

தளம்: இதுவரை வெள்ளம் ஏறிய உயரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். தளம் அதற்கு இரண்டடி மேலே இருக்கட்டும். மண் எடுத்த பள்ளம் குட்டையாகட்டும்.

சுவர்: செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டு நல்லது. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை இது. ஏறத்தாழ கால் பங்கு கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெக்கையைத் தடுக்கும். மூலை இடைவெளிகளில் கம்பி இறக்கி கான்கிரீட் நிரப்பினால் உறுதி கூடும்.

கூரை: நாலு பக்கமும் சரியட்டும், சரிவு 30 பாகை. இரண்டு பக்கம் மட்டும் சரிந்தால், முக்கோணச் சுவரில் காற்று நேராக மோதும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்துக்கு ஆணி மட்டும் பத்தாது. சுவர் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டியோடு இரும்புப் பட்டையால் பிணைக்கணும். ஓரத்து ஓட்டையும் முகட்டு ஓட்டையும் காரையில் பதிக்கணும். காற்று முதலில் பிடுங்குவது அங்கேதான். திண்ணைக் கூரையைத் தனியாகப் போடுங்கள். அது பிய்ந்தாலும் பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

புயல் அறை: கூடத்தில் ஓர் அறைக்கு மட்டும் கான்கிரீட் தளம் போடுங்கள். மற்ற நாளில் அது விதை வங்கி. புயல் ராத்திரியில் பிள்ளைகளும் வயசானவங்களும் தங்குமிடம். இதற்கும் பட்டிக்கும் கம்பிக் கணக்கைப் பொறியாளரிடம் கேட்டே செய்யணும்.

தண்ணீர்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரை 100 சதுர மீட்டர், ஆண்டு மழை 1000 மில்லிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 80,000 லிட்டர் கிடைக்கும். கிணறு உப்பாகிப்போன ஊருக்கு இது பெரிய வரம்.

கட்டி முடித்ததோடு வேலை தீராது. ஒவ்வொரு புரட்டாசியிலும், ஐப்பசி மழைக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து ஓடு மாற்றணும், பட்டை துருப்பிடிச்சிருக்கான்னு பார்க்கணும். இதை முதல் கூட்டத்திலேயே முடிவு பண்ணி எழுதி வையுங்கள்.