அஷர் மாளிகை ஏன் இடிந்தது?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



பேய்க்கதை என்றால் நம்ம எல்லோருக்குமே ஆசைதான். ஹாஸ்டலில் கரண்ட் போனால் யாராவது ஒருத்தர் ஆரம்பித்து விடுவார். ஆனால் பேயே வராமல் நடுங்க வைக்கும் கதை ஒன்று உண்டு. எட்கர் ஆலன் போ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1839-ல் வெளியிட்ட 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' என்ற சிறுகதைதான் அது. சிவில் படிப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கதை.

இந்த வகைக்கு 'காதிக்' கதை என்று பெயர். கூரிய ஆர்ச் வைத்த கட்டிடப் பாணிக்கும் இதே பெயர்தான். 1764-ல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற நாவல் இவ்வகையைத் தொடங்கி வைத்தது. பழைய கோட்டை அல்லது தனித்த மாளிகை, நிலவறை, அழிந்து வரும் பரம்பரை ஆகியவை இதன் முக்கிய அம்சங்கள். கட்டிடமும் இதில் ஒரு பாத்திரம்தான்.

கதைச் சுருக்கம்

ராட்ரிக் அஷர் என்பவர் உடம்பு சரியில்லை, உடனே வா என்று பால்ய நண்பனுக்குக் கடிதம் எழுதுகிறார். நண்பன் குதிரையில் வருகிறான். அவன்தான் கதையைச் சொல்கிறவன். கறுத்த குளத்தின் கரையில் மாளிகை தனியாக நிற்கிறது. அஷர் வம்சத்தில் பங்காளி, கிளை என்று எதுவும் இல்லை. மிஞ்சியிருப்பது ராட்ரிக்கும் அவருடைய இரட்டைச் சகோதரி மேடலினும் மட்டுமே. அதனால் ஊர்க்காரர்கள் குடும்பத்தையும் வீட்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார்கள்.

மேடலினுக்கு உடம்பு விறைத்துப் பிணம் போல் ஆகிவிடும் நோய். ஒருநாள் இறந்து விட்டாள் என்று சொல்லி, இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு அடக்கம் செய்யலாம் என்று நிலவறையில் பெட்டியை வைத்துப் பூட்டுகிறார்கள். ஒரு வாரம் கழித்துப் புயல் இரவில் அவள் ரத்தக் கறையோடு வந்து நிற்கிறாள். உயிரோடு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்! அண்ணன் மேல் விழுகிறாள், இருவரும் இறக்கிறார்கள். நண்பன் வெளியே ஓடித் திரும்பிப் பார்த்தால், மாளிகை பிளந்து குளத்துக்குள் போகிறது.

கட்டிடத்தைப் பார்ப்போம்

அந்தச் சுவரிலிருந்து ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உளுத்துப் போயிருக்கிறது. வெளியே முழுக்கப் பூஞ்சை. கூரையிலிருந்து ஒரு மெல்லிய விரிசல் கோணல் மாணலாக இறங்கிக் குளத்துத் தண்ணீர் வரை போகிறது. இதை நண்பன் முதல் நாளே பார்த்து விடுகிறான்.

விரிசலுக்குக் காரணத்தைப் போ எழுதவில்லை. நம் பாடப்படி பார்த்தால், சுவரில் படிப்படியாகக் கோணலாக விரிசல் இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அஸ்திவாரத்தைத்தான். ஈரத்தில் இளகிய மண் ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் சுவர் இப்படித்தான் பிளக்கும். விரிசல் வளர்கிறதா என்று பார்க்க, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். கண்ணாடி உடைந்தால் விரிசல் 'உயிரோடு' இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், அந்த நிலவறை. அங்கே முன்பு வெடிமருந்து வைத்திருந்ததால் தரையின் ஒரு பகுதிக்கும் இரும்புக் கதவுக்கும் செம்புத் தகடு அடித்திருக்கிறார்கள். இரும்பு கல்லில் உரசினால் தீப்பொறி வரும், செம்பில் வராது. போ 1827 முதல் 1829 வரை பீரங்கிப் படையில் இருந்தவர், அதனால் இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

மூன்று அறிகுறிகள்

அப்படியானால் மாளிகை ஏன் இடிந்தது? விரிசலால் என்பது பாதி பதில்தான். மூன்று அறிகுறிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று, சுவரில் விரிசல். நண்பன் பார்த்தான், ராட்ரிக்கிடம் சொன்னதாகக் கதையில் இல்லை. இரண்டு, பெட்டியை மூடும்போது மேடலின் முகத்தில் லேசான சிவப்பு. அதையும் பார்த்தான், அந்த நோய்க்கு அப்படித்தான் இருக்கும் என்று தானே சமாதானம் செய்து கொண்டு மூடியை முடுக்கினான். மூன்று, பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம். ராட்ரிக்குக் காது மிகக் கூர்மை. பல நாளாகவே கேட்டதாகவும், சொல்லத் துணிவில்லை என்றும் கடைசி இரவில்தான் ஒப்புக்கொள்கிறார். பார்த்தவரும் கேட்டவரும் வாய் திறக்காததுதான் இந்தக் கதையின் பயங்கரம். பேய் எதற்கு?

இது நமக்கு ஏன்?

நண்பர்களே, படிப்பு முடிந்தால் சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போவது நாம்தான். விரிசலை முதலில் பார்க்கப் போவதும் நாம்தான். என் அப்பா கொத்தனார். "பூசி மறைச்சிடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்ன முதலாளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் கூலி வேண்டுமே என்று பூசியும் இருக்கிறார். அவர் பேச்சை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த நமக்கும் பெரிய இன்ஜினியர் முன்னால் வாய் திறக்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நம் கையில் டிப்ளமோ இருக்கும், சைட் நோட்டும் இருக்கும். தேதி போட்டு, இந்த இடத்தில் இவ்வளவு அகல விரிசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதை யாரும் சும்மா பூசி மறைத்துவிட முடியாது.

அஷர் மாளிகையில் அப்படி ஒரு வரி எழுத ஆளில்லை. நாம் இருக்கும் கட்டிடத்தில் எழுதுவோம்!