நரம்பு கொணரும் செய்தி

முகையூர்ப் பகுதியில் கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டத்தினுள் நுழைந்தவர் எவரும் சோகையின் கூர்மையை அறிவர். விரலை அது கீறிய அக்கணமே கை தானே பின்வாங்கும். காயத்தை நோக்கி, ஆராய்ந்து, பின்னர்க் கையை எடுப்போர் எவரும் இலர். விரல் நுனியில் நேர்ந்த தீங்கு தண்டுவடத்தை எட்டி, அங்கிருந்து தசைக்குக் கட்டளை மீள்வதற்கு ஒரு நொடியின் சிறு கூறே போதும். இச்செய்தியைச் சுமந்து செல்வது நரம்பாகும்.

நரம்பு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் யாழின் தந்தி என்றும் பொருள் உண்டு. ஆதலின் உடலின் நரம்பும் யாழ் நரம்பு போல் அதிர்ந்தே செய்தி உணர்த்தும் என்று இளமையில் நான் எண்ணியிருந்தேன். அஃது அவ்வாறன்று, நரம்பு மின்னால் இயங்குவது. இத்தாலிய அறிஞர் கால்வானி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மின்சாரம் தீண்டிய தவளைக்கால் துடித்தெழக் கண்டார். செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பில் செய்தியின் விரைவை அளந்தார். அது நொடிக்கு 30 மீட்டரைக்கூட எட்டவில்லை. கம்பியில் செல்லும் மின்செய்தியோடு ஒப்பிடின் இஃது ஆமை நடையே. ஏன் இத்துணைச் சுணக்கம்?

நரம்பணுவிலிருந்து நீண்ட இழையொன்று புறப்படுகின்றது. இடுப்பின் அருகிலிருந்து கால்விரல் வரை ஒரே இழை நீள்வதும் உண்டு. இழையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வுக்கு வெளியே சோடிய அயனிகளும், உள்ளே பொட்டாசிய அயனிகளும் மிகுந்துள்ளன. அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு. சோடியம் நமக்குப் புதியதன்று. மரக்காணத்து உப்பளங்களில் விளையும் உப்பில் உள்ளதும் அதுவே. ஓய்வில் சவ்வின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்டு தாழ்ந்திருக்கும். இது கைவிளக்கு மின்கலத்தின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு எனலாம். போதிய தூண்டுதல் வந்ததும் சவ்வின் நுண்வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கின்றது. அவ்விடத்து மின்நிலை தலைகீழாகின்றது. அம்மாற்றமே அடுத்த இடத்து வாயில்களையும் திறக்கின்றது. பொட்டாசியம் வெளியேற, முன்னிடம் பழைய நிலை எய்துகின்றது. இவ்வாறு, வெடித்திரியில் நெருப்பு ஊர்வது போலச் செய்தி ஊர்கின்றது. திரியோ எரிந்து கரியாகும். நரம்போ இமைப்பொழுதும் ஆகாமுன் மறுசெய்திக்கு ஆயத்தமாகும். கணவாயின் பருத்த நரம்பிழையில் இதனை ஆராய்ந்து 1952இல் விளக்கிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

சில இழைகளுக்குக் கொழுப்புறை உண்டு. உறையின் இடைவெளிகளில் மட்டுமே மின்மாற்றம் நிகழ்தலின், செய்தி அங்குத் தாவித் தாவிச் செல்லும். உறையற்ற இழையில் அது நொடிக்கு ஒரு மீட்டரளவே நகரும். காயம் பட்டவுடன் சுருக்கென்ற வலியும், சற்றுப் பின்னர் எரிச்சலும் தோன்றுவது இதனாலேயே.

இச்செய்தி வாராதொழியின் விளையும் கேட்டைத் தமிழகம் நன்கு கண்டுள்ளது. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சென் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, நரம்பிழையின் உறையணுக்களில் குடிபுகுகின்றது. உடலின் குளிர்ந்த பகுதிகளே அதற்கு உவப்பானவை. ஆதலின் முழங்கையில் தோலை ஒட்டிச் செல்லும் நரம்பு எளிதில் கெடுகின்றது. நோயாளியின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று நெடுங்காலம் நம்பி, அவரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கினர்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்று அவர் கைக்குத் திறவாதிருந்தது. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருப்பிவிட்டான். தரையில் குருதித் துளி கண்ட மருத்துவர் அவன் கையைப் பற்றி நோக்கினார். எலும்பு தெரியுமாறு விரல் கிழிந்திருந்தது. சிறுவனோ அதனை அறியான்! அதன்பின் அவர் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடலானார். சுட்ட பாத்திரமும், கரடுமுரடான கருவியின் பிடியும், இரவில் கடித்த எலியுமே விரல்களை அழித்தன என்று தெரிந்தது. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றித் தைத்து இயங்கச் செய்யும் அறுவை முறையையும் அவர் வேலூரில் வளர்த்தார்.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 திங்களில் நோயைத் தீர்க்கின்றது. அரசு சுகாதார நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கின்றது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் காணின் அங்கே காட்டுதல் வேண்டும். ஆயினும் முற்றும் கெட்ட நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. அத்தகையோர் நாள்தோறும் இரவில் விளக்கருகே அமர்ந்து, முள் தைத்துளதோ, கொப்புளம் உளதோ எனத் தம் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொள்கின்றனர். காலை மடக்க இயலாதவர், கண்ணாடியைத் தரையில் வைத்து அதில் பார்ப்பர்.